வெப்பக் கேமராவைத் தேடி யாங்கோன் போனது

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நான் வேலை பார்க்கும் நாட்டில், ஆயுத ஏற்றுமதியை ஆராயும் நாடாளுமன்றக் குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார்: யாங்கோனுக்குப் போகும் வெப்பக் கேமராக்கள் யார் கையில் இருக்கின்றன, யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. அவை எங்கள் கம்பெனி கேமராக்கள். ‘கொதிகலன் சோதனைக்கு’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். பிப்ரவரியில் என்னையே அனுப்பினார்கள்.

விமான நிலையத்திலிருந்து நான் போகவேண்டிய பசுந்தாங் பகுதி பதினேழு கிலோமீட்டர். டாக்சி முப்பதாயிரம் சாட், ஒன்றேகால் மணி நேரம். ராணுவச் சோதனைச் சாவடியில் போனைத் திறந்து பார்ப்பார்கள் என்று ஓட்டுநர் வழியிலேயே எச்சரித்தார்.

கேமராக்களை வாங்கிய நிறுவனத்தின் முகவரி, ஓடைப் பக்கத்துப் பழைய அடுக்குமாடி. கீழ்க்கதவு பூட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மணி கட்டிய கயிறு தெருவுக்குத் தொங்கும். இழுத்தால் சாவி இறங்கும். எனக்குப் பொறுமை ஏது? நாலைந்து முறை இழுத்தேன். கட்டடத்தைப் போனில், இடத்தைக் காட்டும் குறிப்போடு படமும் எடுத்தேன்.

சாவி வர பத்து நிமிடம். மூன்றாம் மாடியில் நிறுவனமும் இல்லை, கொதிகலனும் இல்லை. மா செல்வி (‘மா’ அங்கே பெண்களுக்கான மரியாதைச் சொல்) என்ற பர்மாத் தமிழ்த் தையல்காரப் பெண் கதவைத் திறந்தார். நான் தமிழில் பேசியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி விடாமல் மணியடிப்பவர்கள் பட்டாளத்துக்கு ஆள்பிடிக்க வருகிறவர்கள்தானாம். முப்பது வயதுக் கணவர், எட்டு மாதமாக வீட்டைவிட்டு இறங்காதவர், மணி கேட்டதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்திருந்தார்.

நனைந்த கைலியோடு வந்தவர், கேமரா விஷயத்தையும் நான் கீழே படம் எடுத்ததையும் கேட்டுச் சிரித்தார். “இங்க மெஷினுன்னா இந்தத் தையல் மெஷின் ஒண்ணுதான். வேணும்னா இதப் படம் புடிச்சு உங்க மந்திரிக்குக் காட்டுங்க.”

செல்வி சிரிக்கவில்லை. “அந்தப் படத்த அழிச்சிருங்க தம்பி. நீங்க கொண்டுபோய்க் காட்டுனா, இன்னொருத்தர் பாக்க வருவாங்க. அவரு எத்தன தடவ தொட்டியில எறங்குவாரு?”

அழித்தேன். அங்கே அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் கேட்டார்கள், இல்லை என்றேன். இரண்டு மாதம் கழித்து அமைச்சர், அந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தந்த பதில்: பொறியாளர் நேரில் சென்றார், விதிமீறலுக்குச் சான்று கிடைக்கவில்லை. உறுப்பினர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கேமராக்கள் இன்னும் போகின்றன. கொதிகலனைக் காட்டும்தான். கும்மிருட்டில் ஒளிந்திருக்கும் ஆளையும் உடம்புச் சூட்டை வைத்து எண்ணூறு மீட்டரில் காட்டும். சோதித்ததும் நான்தான்.

பெயரையும் மாடியையும் மாற்றியிருக்கிறேன். போகிறவர்களுக்கு: கசங்காத டாலர் நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதி நாள் கரண்ட் இருக்காது. போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுப் போங்கள். கயிற்றை ஒரே ஒருமுறை இழுத்துவிட்டுக் காத்திருங்கள்.