தூணுக்குப் பக்கத்தில் ஒரு துளை

போனில் நான் சொன்ன ஒரு யோசனையால் ஒருவருக்கு வலது கண் போனது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு பொய்யும் சொன்னேன்.

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்தும் கட்டடம் வடிவமைத்துக் கொடுத்தேன். மேலே தோட்டம் வேண்டும், கீழே தூண்கள் குறைவாக இருக்க வேண்டும் என்றார் முதலாளி. ஈரமண்ணின் பாரத்துக்காக முன்தகைவுக் கான்கிரீட் போட்டேன். தளத்துக்குள் உருக்கு வடங்களை விறைப்பாக இழுத்துப் பூட்டிவிடுவார்கள். வடம் அறுந்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே பாயும்.

முதல் மழையிலேயே தோட்டத்தில் தண்ணீர் தேங்கியது. வடிகுழாய்களை நான்தான் குறைத்திருந்தேன். மண்டபத்தைப் பராமரித்தவர் போன் செய்தார். சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் டிரில் பிடித்தவர். நான் பெங்களூர் ரயிலில் நெரிசலில் நின்றிருந்தேன்.

"சார், செடியெல்லாம் அழுவிப் போச்சு. தளத்துல ஒரு ஓட்டை போட்டா தண்ணி எறங்கிடும். எங்க போடட்டும்?"

"தூணுக்குப் பக்கத்துல போடுப்பா. அங்கதான் கெட்டியா இருக்கும்."

"பாறையிலயே போட்டவன் சார். இது இன்னா பெரிசு!"

சாதாரணத் தளம் என்ற நினைப்பில் சொல்லிவிட்டேன். வடங்களையெல்லாம் தூண்களின் மேல் நெருக்கிச் சேர்த்தவன் நானே. டிரில் பட்டு வடம் அறுந்தது. சிதறிய கான்கிரீட் அவர் கண்ணில் பாய்ந்தது.

"என்னைக் கேக்காமலே போட்டுட்டாரு" என்றேன் முதலாளியிடம். குடித்துவிட்டு டிரில் பிடித்தார் என்று பேட்டையில் கதை கட்டினார்கள். முதலாளி இரக்கப்பட்டு அவரை அங்கேயே வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார். நான் போனால் "வாங்க சார்" என்று கேட்டைத் திறப்பார். அந்தப் போனைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்குப் போய், முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன்.

"வேணாம் சார். கண்ணு திரும்பி வரப்போவுதா? இருக்கிற வேலையாச்சும் இருக்கட்டும்."

அவர் மனைவி குறுக்கிட்டார். "சொல்லட்டுமே. குடிகாரன் பொண்டாட்டின்னு எத்தினி நாளு கேட்டுனு இருக்கிறது?"

அவர் சொன்னதை விட்டுவிட்டு மனைவி சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். என் மனபாரம் இறங்க அதுதான் தோதாக இருந்தது.

சொன்னேன். டீக்கடையிலும் நாலு பேர் எதிரில் சொன்னேன். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார் என்று முதலாளி பயந்து, அடுத்த வாரமே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். நான் கெஞ்சியும் பலனில்லை.

மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மனைவிதான் வாசலுக்கு வந்தார்.

"இப்போ யாரும் குடிகாரன்னு சொல்றதில்ல சார். வேலையும் இல்ல. போங்க."