மூன்று விரல் இடைவெளி

வாளி அக்கா என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். மாடி வீட்டுப் பால்கனியில் தொங்கும் ஐந்து பெயின்ட் வாளிகளால் வந்த பெயர். அதே கட்டடத்தின் கீழ் வீட்டு வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைப்பது என் வேலை. கழுத்து வலித்து நிமிரும்போதெல்லாம் அக்கா கண்ணில் படுவார்.

அவருடைய கணவர் வெல்டர். நல்ல மனிதர், குரலை உயர்த்தியே கேட்டதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். உள்ளே அக்காவும் மாமியாரும்.

மாமியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், அக்கா அசந்து தூங்கிய நேரத்தில், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்து போய்விட்டார். மறுநாள்தான் பஸ் நிலையத்தில் கிடைத்தார், காலில் செருப்பில்லாமல். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரே சாவி. பால்கனியையும் வெல்டரே தரையிலிருந்து கூரை வரை கம்பி வைத்து அடைத்தார். கம்பிக்குக் கம்பி மூன்று விரல் இடைவெளி.

இன்னொரு சாவி வேண்டும் என்று அக்கா கேட்காத மாதமில்லை. கணவர் கோபப்பட மாட்டார். "அன்னைக்கு மாதிரி ஆயிட்டா?" என்று மட்டும் கேட்பார். அதோடு அக்கா அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்.

சமையலுக்கு நறுக்கிய தக்காளியின் விதையைத்தான் அக்கா முளைக்க வைத்தார். காலி வாளிகளைக் கணவர் கொண்டுவந்து கொடுத்தார், கூரையில் கொக்கியும் அடித்தார். தரையில் வைத்தால் மாமியார் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். தொங்கும் வாளியில் செடி நிமிர்ந்து வளர்ந்தால் கூரை முட்டும். அதனால் வாளியின் அடியில் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, நாற்றின் கழுத்தில் ஸ்பாஞ்சைச் சுற்றி, வேர் உள்ளே, தலை கீழே என்று நட்டார். மண் கொடுத்தது நான். மாடிப்படி பால்கனியை ஒட்டித்தான் ஏறுகிறது. பழைய சாக்ஸில் மண்ணை நிரப்பிப் படியில் நின்று ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் நுழைத்தேன். ஐந்து வாளிக்கும் பதினோரு நாள் ஆயிற்று.

தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வழியே சொட்டும். மாமியார் உடனே மழை வருகிறது, துணியை எடு என்பார். அக்காவும் கொடியில் இல்லாத துணியை எடுத்து மடிப்பார்.

தலைகீழாக விட்டாலும் செடிகள் வெளிச்சத்தைத் தேடி வளைந்து கம்பிக்கு வெளியே போயின. பூவும் வெளியே, பிஞ்சும் வெளியே. அக்கா எதையும் உள்ளே இழுத்து விடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். காய்கள் எலுமிச்சம்பழ அளவைத் தாண்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் இவை கம்பிக்குள் வராதே அக்கா என்றேன்.

"தெரியும் தங்கச்சி. நீ பறிச்சுத் தந்துடாதே," என்றார். "பழுக்கட்டும். படியில நின்னு பறிக்கணும்னு சொல்லி சாவி கேக்கப் போறேன்."

அதன் பிறகு நானும் பட்டன் தைத்த நேரத்தைவிடக் காய்களைப் பார்த்த நேரம்தான் அதிகம். முதல் பழம் சிவந்த சாயங்காலம், வெல்டர் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் அக்காவின் குரல் கேட்டது.

"பழமெல்லாம் வெளிய தொங்குது. ஒரு சாவி இருந்தா நானே ரெண்டு நிமிஷத்துல பறிச்சுட்டு வந்துடுவேன்."

வெல்டர் பால்கனிக்கு வந்தார். கம்பிக்கு உள்ளேயிருந்து கையை விட்டு ஒரு பழத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "அட, இத்தனை நாள் எனக்குத் தோணலையே," என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் மெஷினோடு வந்தார். காலை முழுக்கத் தீப்பொறி. கம்பியில் ஒரு சின்னச் சதுரத்தை அறுத்து, கீல் வைத்து, கொண்டி வைத்து, அக்காவின் கையைக் கீறிவிடாமல் ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்து, பச்சை பெயின்டும் அடித்தார். அப்படி ஒரு சுத்தமான வேலை.

"இனிமே சாவியே வேணாம், பாரு," என்றார். "எப்ப வேணும்னாலும் பறிச்சுக்கோ."

அக்கா தலையாட்டினார். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அந்தக் கொண்டியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றார்.

மறுநாள் அவர் பூட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் கொண்டி திறக்கும் சத்தம் கேட்டது. படியேறினேன். சதுரத்தின் வழியே முழங்கை வரை கை நீண்டிருந்தது. உள்ளங்கையில் ஒரு பழம், எனக்கு.

"அத்தை தலை நுழையக்கூடாதுன்னு அளந்துதான் வச்சிருக்கார்," என்றார் அக்கா. "நானும் விட்டுப் பார்த்துட்டேன். காது இடிக்குது."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வாளி சொட்டியது. மாமியார் மழை, மழை என்றார்.

அக்கா உள்ளங்கையை மெல்ல வானம் பார்க்கத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இல்ல அத்தை," என்றார். "வெயில்தான் அடிக்குது."