அம்மா தைத்த டிரைலோபைட்

அக்கா விலங்கியல் இரண்டாம் வருடம் படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு டிரைலோபைட் இருந்தது. நண்டு, தேள் எல்லாம் சேர்ந்த கணுக்காலிகள் கூட்டத்தைச் சேர்ந்தது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே கடலடியில் அழிந்துபோன பிராணி. எங்களுடையது மட்டும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கழிவுத் தோலில் செய்தது.

செய்முறைத் தேர்வில் மேசைமேல் இப்படி ஒரு பிராணியின் புதைபடிவக் கல்லை வைப்பார்கள். அது எந்தப் பேரினம், எதை வைத்து அடையாளம் கண்டாய் என்று எழுதவேண்டும். அக்காவுக்குப் படித்தது எதுவும் மனதில் நிற்காது. முந்தைய வருடமே ஒரு பேப்பர் போயிருந்தது. இன்னொன்று போனால் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு கம்பெனி பஸ் ஏறவேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அம்மா அங்கே ஷூவின் மேல்பாகம் தைப்பவள். "கையில புடிச்சி பார்த்தா மறக்குமா? எப்டி இருக்கும்னு சொல்லு, நான் தெச்சித் தர்றேன்" என்றாள். இன்றைக்கானால் அக்கா போனில் படம் பார்த்துப் படித்திருப்பாள். அன்று காலிமீன் என்கிற பேரினத்தை வாயாலேயே விவரித்தாள். உடல் நெடுக மூன்று பாகம். தலை நடுவில், முன்னால் போகப்போகக் குறுகும் மேடு. சின்னக் கண். நடு உடம்பில் பதின்மூன்று கணுக்கள். ஆபத்து என்றால் சுருண்டுகொள்ளும்.

அம்மா பதின்மூன்று பட்டைகள் வெட்டினாள். கண்ணுக்கு, ஷூ கயிறு கோக்கும் பித்தளை வளையம் இரண்டை அடித்தாள். அருமையாகச் சுருண்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவித் தடவியே படித்தாள். புத்தகத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

தேர்வில் வைத்த கல்லுக்குப் பெரிய கண்கள், பதினொரு கணுக்கள். தலைமேடு முன்னால் அகன்றிருந்ததை அக்கா கவனிக்கவில்லை. விரலால் எண்ணிப் பார்த்து, வீட்டில் விரலுக்குப் பழகியபடியே இருக்கவும், சந்தோஷமாகக் காலிமீன் என்று எழுதிவிட்டாள். வெளியே வந்தால் தோழிகள் எல்லாரும் ஃபேகாப்ஸ் என்கிறார்கள். இரண்டும் ஒரே வரிசையில் வரும் உறவுக்காரப் பேரினங்கள்தான். ஆனால் உறவுக்கெல்லாம் மார்க் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் தோல் பிராணியை எண்ணினாள். பதினொன்று. புரட்டியபோது மீதி இரண்டு பட்டைகளும் அகப்பட்டன. தலைக்கு அடியில் ஒன்றும் வாலுக்கு அடியில் ஒன்றுமாக உள்ளே மடித்துத் தைத்திருந்தது. ஷூ தைப்பவர்கள் ஓரத்துக்கு விடும் மடிப்பு அது. வெளியே தெரியவே கூடாது. காலிமீன் தலையும், பித்தளை வளையத்தால் பெரிதாகிப்போன ஃபேகாப்ஸ் கண்ணும், ஃபேகாப்ஸ் உடம்புமாக, எந்தப் பேரினத்திலும் சேராத ஒன்றை அம்மா அத்தனை சுத்தமாகத் தைத்திருந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா பையைக்கூட வைக்காமல், "இன்னா வெச்சாங்க?" என்று கேட்டாள்.

"நீ தெச்சதுதாம்மா வெச்சாங்க. அப்டியே எழுதிட்டேன்."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றாள். "ரெண்டு பட்டை உள்ள..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ரிசல்ட்டில் அந்தத் தேர்வுதான் போயிருந்தது. வேறு ஏதோ ஒரு கேள்வியில் விட்டுவிட்டதாக அக்கா அம்மாவிடம் சொன்னாள். அப்பாவின் திட்டு முழுக்க அவள்மேல் விழுந்தது. ஜூனில் அம்மாவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். தன் பூச்சியே தேர்வில் வந்த கதையை அம்மா பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்வாளாம். அக்காவும் ஆமாம் என்று தலையாட்டுவாளாம். தப்பு அம்மாவுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதவள் எப்படிப் பாஸாவாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.