கரவனெல்ல பாதையில் சைக்கிள் ஓட்டம்

கரவனெல்ல தாண்டியதும் எங்கள் பஸ் நின்றுவிடுகிறது. சர்வதேச விளையாட்டு விழாவின் சைக்கிள் ஓட்டம் இந்தப் பாதையில் நடப்பதால் ஓரத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வெள்ளையும் அடித்திருக்கிறார்கள், பாதைக்குத் தெரிகிற சுவருக்கு மட்டும்.

இறங்கிப் பார்க்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஸ்டெல்லா அக்கா, இரண்டு வாளி ரப்பர் பாலோடு கயிற்றருகே நிற்கிறார். பால் கொடுக்கிற ஸ்டோர் எதிர்ப்பக்கம் இருக்கிறது.

“தம்பி, இது உறைஞ்சிட்டா இன்னைக்கு அரைநாள் பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளம்தான். நீங்க படிச்சவங்க, அந்தப் பொலிஸ் மஹத்தயாகிட்ட சொல்லுங்களேன்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பொலிஸ்காரரிடம் இலக்கணம் பிசகாத சிங்களத்தில் விளக்குகிறேன். அவர் பொறுமையாகக் கேட்டு, என் சிங்களத்தைப் பாராட்டுகிறார். கயிறு அப்படியே இருக்கிறது.

சைக்கிள்கள் வருகின்றன. ஒரு தும்மல் நேரத்துக்குள் எல்லாம் போய்விடுகின்றன.

“முடிஞ்சிருச்சா தம்பி?”

“இல்லக்கா, இன்னும் ஆறு சுற்று இருக்கு. சுத்திட்டு இங்கதான் வருவாங்க.”

“இங்கயே திரும்பி வரவா இம்புட்டு அவசரமா போறாங்க?”

அக்கா வாளிக்குள் பார்க்கிறார். பால் ஓரத்தில் திரளத் தொடங்கிவிட்டது. பொலிஸ்காரர் மறையும் சைக்கிள்களைப் போனில் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். அக்கா கயிற்றுக்குக் கீழே குனிந்து, சொட்டுப் பாலும் சிந்தாமல் பாதையைக் கடக்கிறார்.

ஸ்டோர் வாசலை அடைத்தபடி, கைதட்டுவதற்கென்றே கதிரைகளில் உட்கார வைக்கப்பட்ட அலுவலர்கள் அவருக்கும் உற்சாகமாகத் தட்டுகிறார்கள்.

“தட்டுனது போதுங்க சார்,” என்கிறார் அக்கா. “கதிரையத் தள்ளிப் போடுங்க!”