பரிதா திருப்பிக் கொடுத்த போன்

முடிச்சூரில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்குப் பரிதாவின் எண் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். மளிகைக் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களைக் கேட்டாலும் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே, “அவங்களுக்குக் கண்ணு தெரியாது, ஆனா வீட்டைப் பத்தி உண்மையைச் சொல்லிடுவாங்க” என்றும் சொல்லிவிடுவார்கள். அதுவும் சரிதான். ரெண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வீட்டுக்காரர் மறைத்தாலும் பரிதா மறைக்க மாட்டார். அதனால் சில வீட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. குடி வருகிறவர்களுக்குப் பிடிக்கும்.

அவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர் அல்ல. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய் ஓசையில்லாமல் வந்து, நாற்பது வயதுக்குள் பார்வையை முழுக்க எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரைத் தடவிக்கொண்டே அந்த வருஷம் போனது. அதன்பின் தாம்பரத்தில் பார்வை இழந்தவர்களுக்காக நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கணவர் கிபாயத்துல்லா கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேதான் போனைக் காதால் படிக்கக் கற்றார்.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போன் வாசித்துச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். பார்வையுள்ளவர்கள் செய்வதுபோல் ஒரே ஒரு முறை தொட்டால் வாசிக்குமே தவிர, ஒன்றும் நடக்காது. பரிதா அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாடி காலியானபோது ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில். இப்போது படப்பை வரை அவருக்கு வீடுகள் தெரியும், வீட்டுக்காரர்கள் தெரியும்.

அந்தப் போன் ஒருநாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கைநழுவி விழுந்தது. பின்னால் வந்த வண்டி அதன்மேல் ஏறிப் போய்விட்டது.

வீட்டில் அன்று மாலையே பேச்சு ஆரம்பமானது. கிபாயத்துல்லா இரும்புக் கடை வைத்திருப்பவர். தேவையில்லாத மாற்றம் அவருக்கு ஆகாது.

“அதே கம்பெனி, அதே மாதிரி போனு. நாளைக்கே வாங்கிடலாம். கை பழகினதை விட்டுட்டு எதுக்குப் புதுசு?” என்றார்.

மகன் முதாசிர் சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருந்தான். மறுநாள் வேலை முடிந்து வந்தவன் அம்மாவின் கையில் ஒரு பெட்டியை வைத்தான். மழமழவென்று, கனமாக இருந்தது.

“ஐபோன்மா. கண்ணு தெரியாதவங்க நிறைய பேர் இதைத்தான் வெச்சிருக்காங்க. இதுல வாய்ஸ்ஓவர்னு இருக்கு, தமிழும் படிக்கும். நான் எல்லாம் விசாரிச்சுட்டேன்.”

பரிதா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்க அத்தா ஒண்ணை முடிவு பண்ணிட்டாரு. நீ ஒண்ணை முடிவு பண்ணிட்ட. எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் தெரியல.”

“அம்மா, உங்களுக்கு நல்லதுன்னுதானே...”

“நல்லதுன்னுதான்டா வாங்கியிருப்ப. அதை நான் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். ஒழுங்கா கத்துக்காம வேணும்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, முதல் சில நாட்கள் பெரிய பேஜாராக இருந்தன. பழைய போனில் பக்கத்தைத் தள்ள இரண்டு விரல். இதில் மூன்று விரல். பின்னால் போக அதில் ஒரே விரலைக் கீழே இறக்கி அப்படியே இடது பக்கம் இழுக்க வேண்டும். இதில் இரண்டு விரல்களால் இங்கிலீஷ் இஸட் எழுத்துபோல் கிறுக்க வேண்டும். ஆறேழு வருஷமாக ஒரு வழியில் ஓடிய விரல்கள் திரும்ப மறுத்தன. மாடம்பாக்கத்தில் கீழ்வீடு ஒன்று வைத்திருந்த ரிட்டயர்டு ஆசிரியர் வாடகை நிபந்தனைகளை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பரிதா சத்தத்தைக் கூட்டுவதாக நினைத்துப் பக்கத்திலிருந்த வேறு பொத்தானை அழுத்தினார். அழைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே பொத்தான். மூன்றாம் முறை அந்த மனிதர், “விருப்பமில்லன்னா சொல்லிடுங்கம்மா, மூஞ்சியில அடிச்ச மாதிரி கட் பண்ணாதீங்க” என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். அந்த வீடு வேறு புரோக்கர் கைக்குப் போனது.

முதாசிருக்கே மனசு கேட்கவில்லை. “விடுங்கம்மா. தப்பு என்னுதுதான். பழைய மாதிரியே வாங்கிடலாம்.”

“வேணாம்னு நான் சொன்னேனா? எனக்கு இன்னும் வரல, அவ்வளவுதான். வராததும் வேணாங்கிறதும் ஒண்ணா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை டெனிஸைக் கூப்பிட்டார். டெனிஸ் சேலையூரில் இருப்பவர், வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வையில்லாதவர். பயிற்சி வகுப்புக்கு உதவ வந்தபோது பரிதாவுக்குப் பழக்கம். அவரை விடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கல்லூரி நாளிலிருந்தே ஐபோன்தான்.

டெனிஸ் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “அக்கா, பழைய போனை மறந்துடுங்க. அதுல இப்படி, இதுல எப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா ரெண்டும் வராது.”

பரிதாவின் இரண்டு விரல்களைப் பிடித்துத் திரையின் மேல் வைத்து, ரேடியோ குமிழைத் திருகுவதுபோலத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு திருகலுக்கும் போன் ஒன்றைச் சொன்னது: எழுத்து, வார்த்தை, வரி, தலைப்பு. எதில் நிறுத்துகிறோமோ அதன்படி ஒவ்வொன்றாக வாசிக்கும். பரிதா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து டெனிஸ் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டச் சொன்னார்.

“இப்போ உங்க ஸ்கிரீன் இருட்டு. வாய்ஸ் மட்டும் உங்களுக்கு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க எட்டிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது.”

“நெஜமாவா?” பரிதா கணவரைக் கூப்பிட்டார். “என்னங்க, இங்க வந்து பாருங்க, ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல. செத்துப்போன மாதிரி கீது,” என்றார் கிபாயத்துல்லா.

பரிதா சிரித்தார். யார் தன் வாட்ஸ்அப்பைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமலேயே இத்தனை வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறார். ஆண்ட்ராய்டிலும் இப்படி மறைக்க வழி உண்டு என்று டெனிஸே சொன்னார். பரிதாவுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

அதன் பிறகு அவர் விடவில்லை. சோறு வேகும் நேரம், துணி காயும் நேரம், தொழுகை முடிந்து உட்காரும் நேரம், எப்போதும் விரல்கள் திரையில் இருந்தன. தவறு செய்தால், அதே காரியத்தை முதலிலிருந்து செய்தார். சந்தேகம் வந்தால் உடனே டெனிஸைக் கூப்பிட்டார். ஒருநாள் மதியம் முதாசிருக்கு ஆபீஸில் அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. காலையில் பார்த்த வீடு, அங்கே மோட்டார் ஓடவில்லை என்பது, ராத்திரிக்கு வாங்கி வர வேண்டிய பால் எல்லாம் அதில் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவன் அதைப் பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டினான். வீட்டில் எல்லோரும் ஐபோன்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பரிதாவும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் ரேணுகாம்பாள் கூப்பிட்டார்.

ரேணுகாம்பாள் கோவளம் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர். கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றவர். சர்க்கரை வியாதியில் கண் போனது. பயிற்சி வகுப்பில் அவர் ஒரு வாரம்தான் இருந்தார். மீதி எல்லாவற்றையும் போன் வழியாகப் பரிதாதான் சொல்லிக் கொடுத்தார். அன்று முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கூப்பிட்ட எண் அவருடையது அல்ல.

“பரிதாம்மா, நான் பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கிறேன். யாரோ ஒரு பொண்ணு போன் குட்த்துது. என் போன் இன்னாமோ ஒரு பக்கத்துல போய் மாட்டிக்கினு இன்னா பண்ணாலும் வெளிய வர மாட்டேங்குது. இந்தப் பொண்ணும் தொட்டுத் தொட்டுப் பாக்குது, அசைய மாட்டேங்குது. எம் மவன் நெம்பரு அதுக்குள்ளதான் கீது. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உங்க நெம்பரு ஒண்ணுதான்.”

“பயப்படாதீங்கக்கா. உங்க போனைக் கையில எடுங்க. ரெண்டு விரலை வெச்சு இஸட் மாதிரி இழுங்க.”

“இஸட்டா? அது இன்னா இஸட்டு?”

“இல்லக்கா... குறுக்கால, அப்புறம் சாய்ச்சு...”

“இழுத்துட்டேன். ஒண்ணும் ஆவலியே.”

“அப்போ மூணு விரலால தள்ளிப் பாருங்க.”

“அதுவும் ஆவல. இந்தப் பொண்ணு போனைக் கேக்குது. அதுக்கு பஸ் வந்துட்ச்சாம்.”

தான் சொல்லிக்கொண்டிருப்பது ஐபோன் பாஷை என்று பரிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரேணுகாம்பாளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. அதில் எப்படி? இத்தனை வருஷம் யோசிக்காமல் செய்த காரியத்தை இப்போது வார்த்தையில் சொல்ல வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். வலது கையை முழங்கால்மேல் வைத்து, அங்கே பழைய போன் இருப்பதாக நினைத்துக்கொண்டு, விரலை அதன் போக்கில் விட்டார். விரல் கீழே இறங்கி இடது பக்கம் திரும்பியது.

“அக்கா, ஒரே விரல். மேலேர்ந்து கீழ இறக்குங்க. எடுக்காம அப்படியே இடது பக்கம் இழுங்க. சட்டுனு.”

கொஞ்ச நேரம் பஸ் ஹாரன்தான் கேட்டது. பிறகு, தூரத்தில் ரேணுகாம்பாளின் போன் தமிழில் ஏதோ சொல்வது கேட்டது.

“வந்துட்ச்சு! வந்துட்ச்சும்மா! எம் மவன் பேரைச் சொல்லுது!”

அழைப்பு முடிந்தது. பரிதா மேஜையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரேணுகாம்பாள் மட்டும் அல்ல. வகுப்பில் கூடப் படித்த பல பேருக்கு ஏதாவது சிக்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோர் கையிலும் இருப்பது வீட்டில் யாரோ வைத்திருந்து கழித்துக் கொடுத்த ஆண்ட்ராய்டு. பார்வையுள்ளவர்களுக்கு டாக்பேக் போட்ட போனைத் தொடத் தெரியாது. கண்தெரியாத இன்னொருவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் அதே போனைத் தினமும் கையில் வைத்திருப்பவர். சில வாரங்களில் தனக்கே இவ்வளவு மறந்திருந்தால், ஒரு வருஷத்தில்?

மாலையில் முதாசிர் வந்ததும் சொன்னார். “எனக்கு ஆண்ட்ராய்டே வாங்கிடலாம்பா.”

அவன் முகம் வாடியதை அவர் பார்க்க முடியாது. பையைத் தரையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

“அந்த ஒரு அம்மாவுக்காகவா? நான் ஆசையா வாங்கினதும்மா.”

“ஆசையா வாங்கினதாலதான் இதை முழுசா கத்துக்கிட்டேன். அரைகுறையா தடவிட்டுத் திருப்பிக் குடுத்திருந்தா அது உனக்கு மரியாதையா? இது நல்ல போனுடா. எனக்கு இது முடியும்னும் தெரிஞ்சுபோச்சு. என் வேலைக்கு ரெண்டுமே போதும். ரெண்டும் போதும்னா எந்தப் பக்கம் சாயறதுன்னு நான்தான் சொல்லணும். என்னைக் கூப்பிடுறவங்க எந்தப் பக்கம் இருக்காங்களோ, நான் அந்தப் பக்கம்.”

“டெனிஸ் அண்ணன் என்ன சொல்வாரு?”

“அவரு திட்டுவாரு. திட்டட்டும்.”

டெனிஸ் திட்டத்தான் செய்தார். “மூணு வாரம் உங்களோட மல்லுக்கட்டினேனே அக்கா!” என்றார். கடைசியில், “சரி, ஐபோன் வெச்சிருக்கிறவங்க யாராவது மாட்டிக்கிட்டா எனக்கு அனுப்புங்க, ஆண்ட்ராய்டுக்காரங்களை நான் உங்களுக்கு அனுப்புறேன்” என்று உடன்பாட்டுக்கு வந்தார்.

மறுநாள் கணவரோடு மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போனார். விற்பனையாளரான இளைஞர் கிபாயத்துல்லாவைப் பார்த்தே பேசினார்.

“சார், இவங்களுக்குன்னா பட்டன் போனே ஈசியா இருக்குமே.”

“போன் எனக்குத் தம்பி,” என்றார் பரிதா. “என்கிட்ட பேசுங்க. மூணு மாடல் எடுத்து வைங்க. மூணையும் ஆன் பண்ணுங்க. நான் டாக்பேக் போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்.”

“டெமோ பீஸ்ல செட்டிங்ஸ் மாத்தக் கூடாது மேடம்.”

“மாத்திப் பாத்துட்டு நானே பழையபடி வெச்சுடுறேன். இல்லன்னா அடுத்த கடையில கேக்குறேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு இளைஞர் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பரிதா ஒவ்வொரு போனிலும் சத்தப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து டாக்பேக்கைப் போட்டுப் பார்த்தார். ஒன்று விரலுக்குத் தாமதமாகப் பதில் சொல்வதாகப் பட்டது. ஒன்றின் ஸ்பீக்கர் கையால் பிடிக்கும் இடத்தில் இருந்தது. மூன்றாவதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். குரலின் வேகத்தை ஏற்றிவிட்டு, கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார்.

“அது இன்னா சொல்லுதுன்னே எனக்குப் புரியல மேடம்.”

“எனக்குப் புரியுது. இதையே குடுங்க.”

ஐபோனை இப்போது முதாசிர் வைத்திருக்கிறான். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரியாகிவிட்டான். பரிதா மாதம் ஒரு முறை அதைக் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார். கற்றதை விடக் கூடாது என்பது அவர் கட்சி.

ரேணுகாம்பாள் பத்து நாள் கழித்துத் தனியாகவே பஸ் ஏறி முடிச்சூருக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு பையில் சங்கரா மீன். அன்று பிற்பகல் முழுக்க இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, எண்களைச் சேமிப்பது, தவறி வந்த அழைப்பைத் தேடுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினார்கள். இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் வாய் ஓயாமல் பேசின. கிபாயத்துல்லா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.