ஸ்டானிஸ்லாஸ் வெட்டிய ஒயர்

ராயபுரம் ஸ்டானிஸ்லாஸைப் பக்தி இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார். கோயிலுக்கு உள்ளேயும் போவார், ஆனால் கடைசித் தூணைத் தாண்ட மாட்டார். அங்கே நின்றால் பூசையும் காதில் விழும், வெளியே நிறுத்திய பைக்கும் கண்ணில் படும். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் பைக்கைப் பார்த்துவரப் போவார். நற்கருணை கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வரிசையில் நிற்பார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் இருபத்தைந்து வருடமாக, தண்டவாளத்தைப் பிரித்துச் சேர்த்து வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவர், நேரம் தெரியாமல் இருக்குமா?

தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடமாட்டார். மீன் கறியில் சேராது என்பது அவர் கட்சி. இறால் மீனிலேயே சேராது என்பது அதற்கடுத்த கட்சி. "அப்ப நண்டு?" என்று மனைவி ஆலிஸ் கேட்டதற்கு, "அது பூச்சி" என்றார். தவக்காலம் முடியும்போது இரண்டு கிலோ ஏறியிருப்பார்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் உண்டு, வருடத்துக்கு ஒருமுறை. "சில பொய்கள், சில கோபங்கள், கொஞ்சம் சோம்பேறித்தனம் சாமி." எல்லாம் ஒரே மூச்சில். பழைய பங்குச் சாமியாருக்குக் காது மந்தம். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது.

இந்த வருடம் புதுச் சாமியார் வந்தார். இளவயது. காது நன்றாகக் கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பங்கு மக்களில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாதம் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு நடக்கும் போட்டி கவுன்சிலர் தேர்தலில்கூட நடக்காது. புதுச் சாமியார் பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, "கடைசித் தூணாண்டை நிற்பாரே, அவரையும் போடுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டார்.

ஆலிஸ் அன்று சோறு வடிக்க மறந்துபோனாள். பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் குவைத்துக்கும் போன் போட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னாள். பட்டுக் கரை போட்ட வெள்ளை வேட்டி வாங்கினாள். பிறகுதான் புருஷனின் காலைப் பார்த்தாள்.

"இந்தக் காலுக்கா சாமியார் முத்தம் குடுக்கணும்? வாந்தி எட்த்துடுவாரு."

அன்றிலிருந்து தினமும் உப்புப் போட்ட வெந்நீர், படிகாரம், தேய்க்கிற கல். ஸ்டானிஸ்லாஸ் பக்கெட்டுக்குள் காலை விட்டபடி பேப்பர் படித்தார். காலைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. மனசைச் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம் போதும் என்று நினைத்துத்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"சில பொய்கள், சில கோபங்கள்..."

"நில்லுங்க," என்றார் புதுச் சாமியார். "என்ன கோபம்? யார் மேல?"

இப்படி ஒரு கேள்வியை ஸ்டானிஸ்லாஸ் வாழ்நாளில் எதிர்பார்த்ததில்லை. சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒயர் சமாசாரம் வெளியே வந்துவிட்டது.

அது ஒரு ஆடி மாதம். தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழா. குழாய் ஸ்பீக்கரை ஸ்டானிஸ்லாஸ் வீட்டு ஜன்னலுக்கு நேரே விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அவருக்கு மூன்று நாளாக ராத்திரி டியூட்டி, பகலில் தூக்கமில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளையில் மொட்டை மாடிக்கு ஏறினார். ஒயர் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போயிருந்தது. கையில் கட்டிங் பிளேயர் இருந்தது.

அந்த நொடியில்தான் மைக்கில், "இப்போது கூழ் வார்த்துத் தொடங்கி வைப்பவர், விழாக் குழுத் தலைவர், அண்ணன்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணனோடு நின்றுவிட்டது. அந்த அண்ணன், எதிர்வீட்டுக் கோதண்டம், காசிமேட்டில் ஒரு விசைப்படகில் பங்கு வைத்திருப்பவர். அடுத்த ஆறு மாதம் தெருவில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் "அண்ணன்..." என்று சொல்லி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

நோட்டீசில் தன் பெயரைப் போடவில்லை என்று முந்தைய நாள்தான் கோதண்டத்தின் தங்கை புருஷன் ரகுபதி சண்டை போட்டிருந்தான். வேறு யார் வெட்டியிருப்பார்கள்? தெரு மொத்தமும் தீர்ப்பு எழுதிவிட்டது. கோதண்டம் தங்கை வீட்டோடு பேச்சை நிறுத்தினார். ரகுபதி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எர்ணாவூர் குடியிருப்புக்குப் போய்விட்டான்.

எல்லாவற்றையும் கேட்டபிறகு சாமியார் சொன்னார்: "ஒயரை வெட்டினது சின்ன விஷயம். உங்க பழியை இன்னொருத்தர் சுமந்துக்கிட்டு இருக்காரே, அதுதான் பெரிசு. போய்ச் சொல்லிட்டு வந்து நாற்காலியில உட்காருங்க."

"ஜெபம் எதுனா கூடக் குடுங்க சாமி. அம்பத்திமூணு மணி ஜெபமாலை வேணாலும் முட்டி போட்டுச் சொல்றேன்."

"வேணாம். போய்ச் சொல்லுங்க."

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் எதிர்வீட்டுக்குப் போனார். கோதண்டம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஸ்டானி, கேக்கு ஈஸ்டருக்குத்தான தருவ? இன்னிக்கே வந்துட்ட?"

"கோதண்டம், அந்த ஆடி மாசம் ஸ்பீக்கர் ஒயரு... அத்த நான்தான் கட் பண்ணேன்."

கோதண்டம் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா சொன்ன?"

"மூணு நாளா தூக்கமில்ல நைனா."

"உங்க கோயில் திருநாளுக்குப் பத்து நாளு ஸ்பீக்கரு கத்துது. நான் ஒயர அறுத்தனா? சொல்லு. அறுத்தனா?"

"அறுக்கல."

"அறுக்கலாம்னு நெனச்சேன். ஆனா அறுத்தனா?"

சத்தம் போட்டு முடித்தபிறகுதான் கோதண்டத்துக்கு மீதி உறைத்தது. "அப்ப ரகுபதி?"

"அவன் பண்ணல."

கோதண்டம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது. "இத்த வேற யாராண்ட சொன்ன?"

"சாமியாராண்ட. அவரு யாருக்கும் சொல்ல மாட்டாரு."

"நானும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. உன்ன மன்னிச்சுட்டேன். எழுந்து போ."

"ரகுபதியாண்ட சொல்லணுமே."

"எதுக்குய்யா? அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போவல. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில கெடந்தான், போவல. இப்ப போயி இன்னா மூஞ்சியக் காட்டுவேன்? அவன் பண்ணதாவே இருக்கட்டும். எல்லாருக்கும் பழகிப்போச்சு."

விஷயத்தைக் கேட்ட ஆலிஸும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். "கோதண்டண்ணனே மன்னிச்சாச்சு. மீதிய ஈஸ்டருக்கு அப்பால பாக்கலாம். நாற்காலி முக்கியம்."

ஸ்டானிஸ்லாஸ் பக்கெட்டிலிருந்து காலை எடுத்தார். "ஆலிஸ், யார்டுல பாயிண்ட் பாதி வுழுந்தா வுழலன்னுதான் அர்த்தம். பாதி வுழுந்த பாயிண்ட்டு மேல வண்டிய உட்டா வேகன் தடம் புரண்டு படுத்துக்கும்."

"நீங்க இன்னா கூட்ஸ் வண்டியா?" என்றாள் ஆலிஸ்.

பெரிய வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குப் பைக்கை எடுத்தார். பூசை ஆறு மணிக்கு. ஐந்துக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மூன்றாவது மாடி ஏறி ரகுபதி வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்றரை.

ரகுபதி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மங்கம்மா மீன் விற்றுவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ரகுபதி டிவி சத்தத்தைக் குறைத்தான். "நெசமாவா? நான்தான் வெட்டிட்டனோன்னு எனக்கே ஒரு டவுட்டு பா. அன்னிக்குக் கொஞ்சம் போட்டுகினு இருந்தேன்."

மங்கம்மா அவன் பக்கம் திரும்பினாள். "எத்தினி தபா கேட்டேன், அறுத்தியா அறுத்தியான்னு? 'தெரியல'ன்னியே, பாவி!"

"தெரியலன்னா தெரியலன்னுதான சொல்ல முடியும்?"

அவனை விட்டுவிட்டு ஸ்டானிஸ்லாஸிடம் வந்தாள். இப்போது சத்தம் இல்லை. "ஏண்ணே, எங்கம்மா செத்தப்ப இந்தாள உள்ள வுட மாட்டேன்னாரு எங்கண்ணன். நானும் இவரோட தெருமுனைல நின்னு அழுதேன். நீ அப்ப எங்க இருந்த?"

"பாடையத் தூக்கினேன்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எங்கண்ணன் இங்க வரணும்," என்றாள் மங்கம்மா. "இந்த மூணு மாடி ஏறி வரணும். அதுவரைக்கும் நீ குந்து."

கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்து கோதண்டத்துக்குப் போன் போட்டார். இரண்டு முறை கட்டாயிற்று. மூன்றாவது முறை எடுத்து, "போட்ல கீறேன், சிக்னல் இல்ல" என்றார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் டிவி சீரியலில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு ஆலிஸ் கூப்பிட்டாள். "எங்க கீறீங்க? வேட்டிய அயர்ன் பண்ணி வச்சிகினு உக்காந்துகினு கீறேன்."

"எர்ணாவூர்ல. நான் வரலன்னு சாமியாராண்ட சொல்லிடு."

"ஒரு வாரம் தேச்ச காலு," என்றாள்.

"தெரியும்."

"கோதண்டண்ணன் இன்னா சொல்றாரு?"

"போட்ல கீறாராம்."

"போட்லயா? இப்பதான் வாசல்ல பல்லு குத்திகினு இருந்தாரு!"

போன் கட்டாயிற்று.

ஆலிஸ் எதிர்வீட்டுக்குள் போய்க் கோதண்டத்திடம் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியாது. கேட்டால் கோதண்டம் பேச்சை மாற்றிவிடுகிறார். ஆனால் ஆறே முக்காலுக்கு எர்ணாவூர் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முன்னால் கோதண்டம், பின்னால், அவர் திரும்பி இறங்கிவிடாதபடி, பட்டுப்புடவையில் ஆலிஸ்.

கோதண்டம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரும் வழியில் நிறையத் தயார் செய்திருப்பார். வாயில் வந்தது வேறு.

"லிப்ட் இல்லியா இங்க?"

"கீது," என்றான் ரகுபதி. "ஓடாது."

"ஓடாததுக்கு எதுக்கு லிப்ட்டு?"

"அத்த அப்பால பேசலாம். உள்ள வா மச்சான்."

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. கோதண்டம் உள்ளே வந்தார். "மாப்ள, தப்பா நெனச்சுட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ரகுபதி, "நானே அப்டித்தான் நெனச்சேன், நீ இன்னா பண்ணுவ" என்றான். அதற்குமேல் ஆண்கள் பேசவில்லை. மங்கம்மா ஆரம்பித்தாள். அம்மா சாவிலிருந்து மகள் கல்யாணம் வரை வரிசையாகக் கேட்டாள். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரே ஒரு முறை, "தண்ணி குடும்மா" என்றார். சொம்பைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கிளம்பும்போது ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். "மங்கம்மா, என்ன மன்னிச்சுட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. பதினோரு வருசம் வாயத் தொறக்கல நீ. எனக்கு ஒரு வாரமாவது வேணும். அடுத்த வியாழக்கெழம வா, சொல்றேன்."

அவர் வரப்போவதில்லை என்று நினைத்துச் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ரகுபதியே சிரித்துவிட்டான். திரும்பும் வழியில் ஆலிஸ் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நாற்காலியில் உபதேசியாரின் சகலையை உட்காரவைத்துவிட்டார்களாம், போனில் செய்தி வந்திருந்தது. திருவொற்றியூர் சிக்னலில் வண்டி நின்றபோது, "குவைத்துக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். பச்சை விழுந்ததும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஈஸ்டர் பூசையில் ஸ்டானிஸ்லாஸ் கடைசித் தூணைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். பைக்கில் யாரோ ஒரு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிரசங்கம் பதினெட்டு நிமிடம்.

அடுத்த வியாழன் காலை டியூட்டியை மாற்றிக்கொண்டு எர்ணாவூர் போனார். வீடு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து மங்கம்மா காலி மீன் கூடையோடு படியேறி வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணே, நெசமாவே வந்துட்டியா?"

"வியாழன்னு சொன்னியே."

மங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இத்தப் புடி" என்று கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் சாவியைத் தேடினாள்.