தடிப் புத்தகங்களுக்குப் பின்னால் இருபது பவுன்

பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், வாழ்க்கையில் முதன்முறையாகத் தங்கம் வாங்கினேன். இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் ஃபிக்சட் டெபாசிட்டின் பெருமையைப் போதித்தவன் நான். இருபது பவுனைக் காசுகளாக வாங்கி வந்து, திருடனுக்குப் பயந்து என் புத்தக அலமாரியில் தத்துவ நூல்களுக்குப் பின்னால் ஒளித்தேன். நானே பிரிக்காத புத்தகங்களை வேறு யார் தொடப்போகிறார்கள்? பணம் பேங்கில் இருப்பதாக மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் நெஞ்சை அடைத்து, வியர்த்துக் கொட்டியது. கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, நான் போய்விட்டால் தங்கம் இருக்குமிடம் யாருக்கும் தெரியாதே என்ற பயம், உயிர்ப் பயத்தை முந்திக்கொண்டது.

“செல்வி, அலமாரியில... தங்கம்...”

“அந்தத் தடிப் புத்தகத்துக்குப் பின்னாலதான? தெரியும்.”

“எப்படி?”

“நீங்க படிக்கிறேன்னு வாங்கி அடுக்குறதயெல்லாம் தூசி தட்டுறது யாரு? எம்புட்டுக் கனம்!”

“அண்ணே, எனக்கு ஒண்ணும் காதுல விழல. நீங்க பேசாம வாங்க,” என்றார் ஆட்டோக்காரர்.

“ஏன் என்னைக் கேக்கல?” என்றேன் செல்வியிடம்.

“சொல்லணும்னு தோணுறப்ப சொல்லுவீகன்னு இருந்தேன்.”

என் நெஞ்சைத் தடவிக்கொண்டே முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர், வெறும் வாயுதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திருடனுக்குப் பயந்துதான் ஒளித்தேன் என்று அதுவரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வெளியூர் போனபிறகு அந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.